கருட சேவை டிரில்

பூக்கடைத் தட்டிக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு, கூட்டத்தில் தனியாக நின்ற ஒன்பது வயதுச் சிறுமியை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார் கோதண்டபாணி.

பூக்காரி அம்சவேணிக்கு அது நல்லதாகப் படவில்லை. "இன்னாய்யா, விடியக்காலையில வந்து யார் வூட்டுப் பொண்ணப் பாத்துக்கினு நிக்கிற? போலீஸக் கூப்பிடவா?"

"ஐயோ, அது என் பொண்ணும்மா! டிரில்லு நடக்குது. கொஞ்சம் சும்மா இரு" என்றார் அவர், ரகசியக் குரலில்.

டிரில் என்றால் கோதண்டபாணிக்கு உயிர். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. அங்கே எட்டு மணி நேரமும் யாரும் அவர் பேச்சைக் கேட்பதில்லை. அந்தக் குறையை வீட்டுக்கு வந்து தீர்த்துக்கொள்வார். தீ டிரில், நிலநடுக்க டிரில், காஸ் கசிவு டிரில் என்று முசரவாக்கத்தில் அந்த ஒரு வீடு மட்டும் வாரத்துக்கொரு பேரழிவிலிருந்து தப்பித்துக்கொண்டிருந்தது.

விசில் ஊதுவது அவர். கைக்கடிகாரத்தில் ஸ்டாப்வாட்சை அழுத்தி நேரம் பார்ப்பது மகள் அபிநயா. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஃபெயில். கல்லில் கிடக்கும் தோசையை விட்டுவிட்டு ஓடிவர மாட்டேன் என்று அடம்பிடிக்கும் மனைவி துளசி மட்டும் இதுவரை ஒருமுறைகூட பாஸ் ஆனதில்லை.

இன்று வரதராஜப் பெருமாளுக்குக் கருட சேவை. ஊர் மொத்தமும் கோபுர வாசலில் நிற்கும். குழந்தை தொலைவதற்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்குமா? பைக்கில் வரும்போதே பாடத்தை நடத்தி முடித்துவிட்டார்.

"கூட்டத்துல பிரிஞ்சிட்டோம்னா இன்னா பண்ணணும்?"

"அழக் கூடாது. அங்க இங்க ஓடக் கூடாது. நேரா போலீஸ் பூத்துக்குப் போயிடணும்."

"வெரி குட்."

"நீ தொலைஞ்சிட்டாலும் அதேதானாப்பா?"

"யாரு தொலைஞ்சாலும் அதேதான். நான் ஏன் தொலையப் போறேன்?"

நியாயமான கேள்விதான். கம்பெனி கொடுத்த, வெளிச்சம் பட்டால் மின்னும் பச்சை ஜாக்கெட்டைக் கோயிலுக்கும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கழுத்தில் விசில் வேறு.

"சாமி கும்பிட்டமா, வந்தமான்னு இருங்க. அவ கைய மட்டும் வுட்றாதீங்க" என்று துளசி வாசல்வரை வந்து சொல்லி அனுப்பியிருந்தாள். கையை விட்டுப் பார்ப்பதுதான் இன்றைய டிரில்லே என்பது அவளுக்கு எங்கே தெரியும்?

பெருமாள் வரும் திசையை அபிநயா எட்டிப் பார்த்த நேரமாக, அவர் கையை உருவிக்கொண்டு நழுவியிருந்தார். இப்போது அவள் திரும்பினாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். அழவில்லை. குனிந்து மணிக்கட்டை ஒருமுறை அழுத்திவிட்டுக்கொண்டாள். பாவம், கொசு கடித்திருக்கும் என்று நினைத்தார் கோதண்டபாணி.

அந்த நேரம் பார்த்துக் கருடன்மேல் பெருமாள் வாசலுக்கு வந்துவிட்டார். அங்கே பெருமாளை ஒரு கணம் குடையால் மறைத்துக் காட்டுவது வழக்கம். "வரதா! வரதா!" என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம். கோதண்டபாணியின் இரண்டு கைகளும் தலைக்கு மேலே போயின, கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

கண்ணைத் திறந்தபோது குடை விலகியிருந்தது. பெருமாள் இருந்தார். அபிநயா நின்ற இடத்தில் யாரோ ஒரு மொட்டைத்தலை ஆசாமி நின்றிருந்தார்.

கோதண்டபாணி தட்டியைத் தள்ளிவிட்டு வெளியே பாய்ந்தார். செருப்புக் கடைப் பக்கம் ஓடினார். பிரசாத வரிசைக்கு ஓடினார். கோயில் குளத்தை நினைத்ததும் அங்கேயும் ஓடினார். விசிலை எடுத்து மூச்சு முட்ட ஊதினார். நாதஸ்வரத்துக்கு நடுவே அது யார் காதிலும் விழவில்லை. காதில் விழுந்த ஒரே ஆள் பக்கத்தில் நின்ற போலீஸ்காரர்தான்.

"யோவ், நீ ஊதாதய்யா, நாங்க ஊதிக்கிறோம். நகரு நகரு."

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. துளசி. எடுக்கத் தைரியம் வரவில்லை. நடுத்தெருவில் நின்று, "பெருமாளே, பொண்ணு மட்டும் கெடைச்சிட்டா இனிமே இந்த விசிலத் தொடவே மாட்டேன்" என்று வாய்விட்டு அழுதார்.

தலைக்கு மேலே ஒலிபெருக்கி கரகரத்தது.

"கவனிக்கவும். முசரவாக்கம் கோதண்டபாணி, வயது நாற்பத்திரண்டு, காணாமப் போயிட்டாரு. பச்சை ஜாக்கெட் போட்டிருப்பாரு, கழுத்துல விசில் இருக்கும். சார், எங்க இருந்தாலும் பயப்படாம போலீஸ் பூத்துக்கு வாங்க. உங்க பொண்ணு ரொம்ப நேரமா வெயிட் பண்ணிக்கினு இருக்குது."

கூட்டம் மொத்தமும் பச்சை ஜாக்கெட்டைத் திரும்பிப் பார்த்தது. "தோ, இவருதான்! அழாதீங்க சார், அப்டியே நேராப் போங்க" என்று நாலு பேர் கையைப் பிடித்து வழிகாட்டினார்கள்.

பூத்தில், போலீஸ்காரம்மா பொன்னி கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டு அபிநயா காலாட்டி உட்கார்ந்திருந்தாள். கோதண்டபாணி அவளை வாரி அணைத்துக்கொண்டு தேம்பினார். போன உயிர் திரும்பி வந்தது. கூடவே பாதுகாப்பு அதிகாரியும் திரும்பி வந்துவிட்டார்.

"பாத்தீங்களா மேடம்?" என்றார், ஜாக்கெட்டை இழுத்து விட்டுக்கொண்டு. "அழல, அலையல, நேரா இங்க வந்துட்டா. எல்லாம் நான் குடுத்த ட்ரெயினிங். நான் ஒண்ணும் தொலையல, இவளை டெஸ்ட் பண்ணத்தான் சும்மா ஒளிஞ்சிக்கினு இருந்தேன்."

அபிநயா பிஸ்கட்டை வாயில் கவ்விக்கொண்டு, மணிக்கட்டைத் தூக்கி ஒரு பட்டனை அழுத்தினாள். பிறகு பிஸ்கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னாள்:

"நீ பூக்கடை பின்னாடி ஒளிஞ்சப்பவே ஸ்டார்ட் பண்ணிட்டேன்பா. பதினாலு நிமிஷம். ஃபெயில்."