மூன்றாவது தாந்தா

“மூணாவது தாந்தா, நெலிதா! கிராசியெலாவை விடவே மாட்டேங்கிறான் பாரு, அந்த வழுக்கைத்தலையன்!” எவாரிஸ்தோ மேசையைக் குத்தினார்.

டாங்கோ மன்றத்தில் நான்கு பாட்டு சேர்ந்தால் ஒரு தாந்தா. ஒரே ஜோடி தொடர்ந்து மூன்று தாந்தா ஆடினால், அது காதல் என்றே ஊர் பேசும்.

“மெதுவா பேசுங்க,” என்றாள் மன்றத்தை நடத்தும் நெலிதா.

“எதுக்கு மெதுவா? அவளுக்கு எந்த முழங்கால் வலிக்கும்னு அவனுக்குத் தெரியுமா? இத்தனை வருஷமா அவளைத் தாங்கிப் பிடிச்சு ஆடுறவன் நான்! முதல்ல அவனை வெளியே அனுப்பு!”

“எப்படி அனுப்புறது? அவர்தான் கிராசியெலாவோட புருஷன். இப்பத்தான் ஆடக் கத்துக்கிட்டு வந்திருக்கார்.”

எவாரிஸ்தோவின் குரல் இன்னும் ஏறியது.

“புருஷனா இருந்தா? பொண்டாட்டியோட ஆடணும்னா வீட்டுல ஆட வேண்டியதுதானே! அதுக்கா இங்க வர்றோம்?”

நெலிதா எதிர்வரிசையைக் காட்டினாள். ஆண்கள் தலையசைத்து ஆட அழைப்பதற்காக அங்கே பெண்கள் காத்திருந்தார்கள். கடைசி நாற்காலியில் இருந்தவள் எவாரிஸ்தோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்க வீட்டம்மா அதுக்குத்தான் வந்திருக்காங்க.”