ஓட்டம் நின்ற பிறகு

கரகேரின் விலாவில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். குதிரை நின்றுகொண்டிருந்தது. அதன் இதயம் ஓடிக்கொண்டிருந்தது.

மறுபடியும் எண்ணினேன். நிமிடத்துக்கு நூற்றிருபது.

ஓடும்போது இருநூறைத் தாண்டும். கால்கள் ரத்தம் கேட்கும், இதயம் அள்ளி அள்ளிக் கொடுக்கும். நின்றதும் கேட்பது நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் இதயத் துடிப்பு பாதிக்குக் கீழே இறங்கியாக வேண்டும். இறங்காத குதிரைக்கு, முதலில் வந்தாலும், பரிசு கிடையாது. சூசாமிர் பள்ளத்தாக்குக் குதிரைப் பந்தயத்தில் அதைப் பார்த்துச் சொல்வது கால்நடை மருத்துவரான என் வேலை.

ஈறை அழுத்தினேன். வெளுத்த இடம் உடனே சிவந்தது. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டேன், பட்டென்று படிந்தது. வியர்வை காய்ந்துவிட்டது. மூச்சு சீராக இருந்தது.

இதயம் மட்டும் அடங்கவில்லை.

"எவ்வளவு நேரமாச்சு வந்து?"

"கொஞ்ச நேரமாச்சு அக்கா," என்றான் எர்மெக். கடிவாள வாரைப் பிடித்துக்கொண்டு குதிரையின் தலைப்பக்கம் நின்றிருந்தான். இன்று கரகேரை ஓட்டியவன், என் தங்கை ஐசிரெக்கைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். தலைமுடியெல்லாம் நனைந்திருந்தது. ஆற்றைக் கடந்து வருகிறவர்கள் நனையத்தான் செய்வார்கள்.

குதிரைகள் வந்து சேர்வதை நான் பார்க்கவில்லை. லாரிக்குப் பின்னால் ஒரு நொண்டிக் குதிரையின் குளம்போடு போராடிக்கொண்டிருந்தேன். கூட்டம் கத்தும் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. எல்லோரும் மேட்டுப் பக்கம் ஓடும் சத்தம்தான் கேட்டது. பின்னால் வருகிற குதிரைகளைப் பார்க்க ஓடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுபடியும் குதிரையைத் தொட்டேன். முறுக்கிய கயிறு போல இருந்தது. காதைக்கூட அசைக்கவில்லை.

"களைப்பா? வலியா? ஒண்ணும் புரியலையே எர்மெக்."

"அது இன்னும் ஓடி முடிக்கலை போல."

எப்போதும் கிண்டலாகப் பேசுகிறவன். இதை அப்படிச் சொல்லவில்லை.

நூற்றிருபத்தைந்து. நிற்கிற குதிரைக்கு ஏறுமா? குழாயில்தான் கோளாறு என்று பட்டது.

"சட்டையைத் திற. உனக்கு இதயமே இல்லைன்னு என் தங்கச்சி சொல்லிட்டிருக்கா. இன்னைக்குப் பார்த்துடுவோம்."

அவன் பொத்தானைக் கழற்றினான். மார்பு ஆற்றுக் கல் போலக் குளிர்ந்திருந்தது. வைத்துக் கேட்டேன். நகர்த்தி வைத்துக் கேட்டேன்.

"ஒண்ணுமே கேக்கலை. குழாய் போச்சு," என்றேன்.

அவன் நிதானமாகப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

வேறு குழாய் எடுக்க லாரிக்குப் போனேன். பழையதைத் தூக்கி எறியும்முன் என் மார்பில் வைத்துப் பார்த்தேன். லப்டப் என்று காதையே நிறைத்தது. எங்கோ ரப்பர் மடங்கியிருக்கும், இப்போது சரியாகிவிட்டது என்று அதையே எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

எர்மெக் இல்லை. கடிவாள வார் கம்பத்தில் கட்டியிருந்தது. கரகேர் தலையைத் தாழ்த்திப் புல் மேய்ந்துகொண்டிருந்தது.

நாற்பத்து நான்கு. ஓடவே ஓடாத குதிரை போல.

குதிரையின் சொந்தக்காரர் கச்சிபெக் மேட்டிலிருந்து மூச்சு வாங்க இறங்கி வந்தார். தொப்பி கையில் கசங்கியிருந்தது. குதிரை தேறிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நல்ல வேளை, நீயாவது பிடிச்சுக் கட்டினே சைக்கால். அது ஆளில்லாம வந்து நின்னப்பவே எல்லாரும் ஆளைத் தேடி ஓடிட்டோம்."

கட்டியது நான் இல்லை. கம்பத்து முடிச்சைத் திரும்பிப் பார்த்தேன்.

மேட்டின் மேல் நாலு குதிரைகள் தெரிந்தன. நடுவில் ஒரு கம்பளத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தார்கள். ஆற்றைக் கடக்கும்போதே எர்மெக் விழுந்துவிட்டானாம். கல்லுக்கடியில் சிக்கிக் கிடந்தவனை இப்போதுதான் எடுத்தார்களாம். பந்தயத்தில் பாதித் தூரம்கூட அவன் வரவில்லை.

கம்பளத்தை என் முன்னால் இறக்கினார்கள். அங்கே வேறு மருத்துவர் கிடையாது. புளித்த குதிரைப்பால் குமிஸ் ஊற்றிக்கொண்டிருந்த கூடாரத்திலிருந்து ஐசிரெக் ஓடி வந்தாள். ஈரக் கையால் என் தோளைப் பிடித்தாள்.

"பாருக்கா. நல்லாப் பாரு."

சட்டைப் பொத்தான்கள் ஒழுங்காகப் போட்டிருந்தன. கழற்றி, குழாயை வைத்தேன். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

தங்கைக்காக நெடுநேரம் குனிந்தே இருந்தேன். கேட்டுக்கொண்டிருப்பது போல.