நாலாவது ஈ

"ஒரு ஈயை ஒழுங்கா வச்சுக்கத் தெரியல. உனக்கெல்லாம் எதுக்கு இந்த வேலை?"

துறைத் தலைவரின் குரல் பூச்சிக்கூடத்தின் கடைசி அலமாரி வரைக்கும் கேட்டது. எதிரே நின்றவர் இருபத்திரண்டு வருடமாக அங்கே, பூச்சிகளை ஊசியில் குத்தி வைத்த பெட்டிகளைப் பராமரிக்கிறவர். எல்லோருக்கும் ஈயக்கா. ஓய்வுபெற இன்னும் ஏழு மாதம்.

விஷயம் இதுதான். அரிசி அளவு ஈக்கள். அந்தப் பேரினத்தில் மொத்தமே நாலு சிற்றினம். நாலுக்கும் மஞ்சள் கால், இறக்கை நுனியில் கறுப்புப் புள்ளி. மூன்றுக்கு முதுகில் விறைப்பாக இரண்டு முடி. நாலாவதற்கு மட்டும் முதுகு மொட்டை. ஒரே ஒரு ஈயை வைத்து அதைக் கண்டுபிடித்தவர் தலைவர். பதவி, பட்டம், சுவரில் தொங்கும் படம் எல்லாம் அந்த மொட்டை முதுகின் புண்ணியம்.

அன்று காலை, வகைப்பாட்டைத் திருத்தி எழுத வெளியிலிருந்து வந்த பெண் ஆய்வாளர் அந்த ஈயை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். முதுகில் இரண்டு குழி தெரிகிறது, முடி இருந்து உதிர்ந்த குழி, அப்படியானால் இது நாலாவதே இல்லை, ஏற்கெனவே தெரிந்த இரண்டாவதுதான் என்றார்.

இது நான் குத்தி வைத்த ஈயே இல்லை என்று தலைவர் குதித்தார். ஈயக்கா பெட்டியைக் கீழே போட்டிருக்கிறாள், வேறு ஈயைக் குத்தி மறைத்திருக்கிறாள் என்றார். தட்டச்சுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. ஈயக்கா குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி ஒரு கடிதத்தைத் தானே கைப்பட எழுதி, அவர் முன் தள்ளினார்.

"கையெழுத்துப் போடு. நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

ஈயக்கா கடிதத்தைப் படித்தார். பேனாவைத் தொடவில்லை.

"ஏன்க்கா பேசாம நிக்கறீங்க? மாத்தினீங்களா இல்லையா?" ஆய்வாளருக்கே எரிச்சல் வந்துவிட்டது.

"ஈ அதேதான் மேடம். பெட்டியோட கீழ் மூலையில தனியா ஒரு ஊசி இருக்கு, பாருங்க."

"அதுல ஒண்ணுமில்ல." தலைவர் அவசரமாகக் கை நீட்டினார். ஆய்வாளர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஊசியில் நகத்தளவு அட்டை. அதில் ஒட்டியிருந்தவை இரண்டே இரண்டு முடிகள்.

"காலோ இறக்கையோ, உதிர்ந்தது எதையும் எறியக் கூடாது, அட்டையில ஒட்டி வைக்கணும்னு முதல் நாள் சொல்லிக் குடுத்தது சார்தான். அப்புறம் ஒரு நாள் இந்த அட்டையக் கழட்டிக் குப்பையில போடச் சொன்னதும் சார்தான்" என்றார் ஈயக்கா. "சார் முதல்ல சொன்னதைத்தான் நான் கேட்டேன்."

ஆய்வாளர் அட்டையை நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். நாலாவது ஈயின் எண். அதற்கடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: 'முதுகு முடி இரண்டு. ஊசி குத்தும்போது உதிர்ந்தவை.'

பிறகு, மேஜையில் கையெழுத்துக்காகக் காத்திருந்த கடிதத்தை எடுத்து அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார்.

இரண்டையும் எழுதிய கை ஒன்றே.