மூடியில் ஓர் ஓட்டை

புல்வெட்டும் இயந்திரம் மறுபடியும் நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தால் கிளம்பும், கொஞ்ச தூரம் ஓடும், செருமும், செத்துவிடும். பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்து மூடினால் சமர்த்தாகக் கிளம்பும்; பிறகு அதே கதை. குடியிருப்போர் சங்கச் செயலாளர் குமாரவேலாயுதத்துக்குச் சட்டை முழுக்க வியர்வை. பாதிப் பேர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் அவர் வாங்க வைத்த இயந்திரம் அது. இன்று ஓடாவிட்டால் சாயங்காலத் தேர்தலில் செயலாளர் நாற்காலி போய்விடும்.

"ரெண்டு ஆடு வாங்கியிருக்கலாம் சார்," என்றார் பொருளாளர் ஞானசிகாமணி. "பாலாவது கறந்திருக்கலாம்."

குமாரவேலாயுதத்தின் மனைவி அலமேலு வந்து குனிந்து பார்த்தாள். "ஆயுத பூஜையில ஒரு பொட்டு போதாதுன்னு மூடி முழுக்க சந்தனத்தை அப்பினீங்களே, காத்து போற ஓட்டை அடைச்சுக் கிடக்கு. காத்து போனாத்தானே பெட்ரோல் இறங்கும்?" தாலிச் சங்கிலியிலிருந்து ஊக்கைக் கழற்றி ஓட்டையில் குத்தினாள். இயந்திரம் நிற்காமல் ஓடியது. புல்வெளியில் பாதி மொட்டையானது.

அதை உறுமவிட்டபடியே, வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த குடியிருப்போர் முன் குமாரவேலாயுதம் மைக்கை வாங்கினார். "முறைப்படி பூஜை போட்ட மெஷின். சாமி கைவிடுமா? என் தலைமையில்..."

தலைமை நீண்டுகொண்டே போனது. எல்லாரும் கை தட்டினார்கள். அலமேலு இயந்திரத்தின் பக்கத்தில் நின்று, ஓட்டையைக் கட்டைவிரலால் அழுத்தி மூடிக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த நேரத்துல நன்றி சொல்லணும்னா..." என்று அவர் ஆரம்பித்தார். பெயர் வருவதற்குள் இயந்திரம் செருமியது.