எழுத்து மட்டும்

"நேத்து ஹாக்கி என்னாச்சு? படிச்சுச் சொல்லேன்" என்றான் ரைமோ.

"தினமும் நானேவா? இனிமே நீயே படிச்சுக்க!" என்றாள் மனைவி சிர்க்கா. பழைய கணினியில் ஒரு வாரமாகத் தானே அமைத்த, எழுத்தை மட்டுமே அனுப்பும் 'ஜெமினி' என்ற எளிய இணைய முறையின் சர்வரில் பின்லாந்தின் ஓலு நகரச் செய்திகளை ஏற்றி முடித்திருந்தாள்.

"படம் இல்ல, விளம்பரம் இல்ல, வெறும் எழுத்து. எவன் வருவான் உன் கடைக்கு?"

"நீ வந்தாப் போதும்."

மடிக்கணினியைத் திறந்தான். புது சர்வரை நம்பலாமா என்று அது கேட்டது.

"முப்பது வருஷமா நம்பித்தானே கிடக்கேன்!" என்று பொத்தானைத் தட்டினான்.

எந்த விளம்பரத்திலும் இடறாமல், கணினி கடைசி வரி வரை உரக்க வாசித்தது.

"சிர்க்கா! நாலு கோல் போட்டு நம்ம பசங்க ஜெயிச்சுட்டாங்க!"

பார்வை போன ஆறு வருடங்களில், அவன் அவளுக்குச் சொன்ன முதல் செய்தி.

"அப்படியா!" என்றாள், அதை ஏற்றியவள்.