பறக்கும் ஆமைக்குக் கிடைத்த விருது

அந்தக் காட்டுக் குட்டிகளுக்கெல்லாம் பிடித்த கதைக்காரர் ஒரு கீரி. அவர் சொல்லும் பறக்கும் ஆமையின் கதையைக் கேட்காமல் எந்தக் குட்டியும் தூங்காது. அந்தக் கதைக்காகக் காட்டின் மிகப் பெரிய விருதை அவருக்குக் கொடுத்தார்கள்.

விழாவில் யானைத் தலைவர் மாலை போட்டுவிட்டுப் பேசினார். "இதைக் குழந்தைக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். ஆமை என்பது அடக்கம், சிறகு என்பது அறிவு. இது பெரியவர்களுக்கான தத்துவம்."

கதை சொன்னபோது கீரிக்கு அப்படியொரு எண்ணமே இருந்ததில்லை. ஆனாலும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முன்வரிசையில் ஒரு முயல்குட்டி எழுந்தது. "மாமா, அப்ப ஆமை நெஜமாப் பறக்கலையா?"

சபை சிரித்தது. யானை சிரித்துக்கொண்டே கீரியைப் பார்த்தார். கீரியும் சிரித்து வைத்தார்.

"ஆமை எங்கேயாவது பறக்குமா, பாப்பா? அதெல்லாம் சும்மா."

முயல்குட்டி மெல்ல உட்கார்ந்தது. விருதை வாங்கும்போது கீரியால் அந்தப் பக்கம் பார்க்கவே முடியவில்லை.

மறுநாள் காலை அவர் முயலின் வளைக்குப் போனார். குட்டி வாசலில் புல் மென்றுகொண்டிருந்தது.

"நேத்து பொய் சொல்லிட்டேன், பாப்பா. பெரியவங்க சிரிச்சதும் எனக்குக் கூச்சமாப் போச்சு. ஆமை பறந்துச்சு. மலைக்கு அந்தப் பக்கம் அது என்ன பார்த்துச்சுன்னு சொல்லட்டுமா?"

குட்டி மரியாதையாக எழுந்து நின்றது.

"எனக்கு வேண்டாம் மாமா. தங்கச்சி உள்ளே இருக்கா, அவகிட்ட சொல்லுங்க. அவ நம்புவா."