எட்டாவது வருஷத்துப் போன்

“அந்த ஆஸ்பத்திரிப் பொம்பளை போன் பண்றா. எடுக்கவா, வேண்டாமா?” என்றாள் மனைவி.

லிப்ட் மெக்கானிக் காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்காலத்தில்தான் அந்தப் போன் வரும். மழைக்கு இன்னும் மூன்று மாசம் இருக்கிறதே!

எட்டு வருஷத்துக்கு முன்னால், வேலையில் இருந்தபோதே அவர் இதயம் தறிகெட்டு ஓடி ஆளைச் சாய்த்துவிட்டது. தொடை வழியாக மெல்லிசு வயரை விட்டு, கோளாறு கிளம்பிய இடத்தைச் சுட்டார்கள். மறுபடி ஓடினால் ஷாக் கொடுத்து நிறுத்த நெஞ்சில் ஒரு பெட்டியும் வைத்தார்கள்.

“சுட்ட இடத்துல அநேகமா வராது. பக்கத்துல புதுசா கிளம்பலாம்” என்றிருந்தார் டாக்டர்.

மூன்றாம் வருஷம் குளிக்கும்போது பெட்டி ஒரு தடவை அடித்தது. உள்ளேயிருந்து யாரோ உலக்கையால் இடித்த மாதிரி. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. பயம் மட்டும் போகவில்லை.

ஆறப்போட்ட பயத்தை வருஷா வருஷம் கிளறிவிடுகிறவள் இந்த நர்ஸ்தான். சிகிச்சை எடுத்தவர்கள் எத்தனை வருஷம் நன்றாக இருக்கிறார்கள் என்று ஆராய்ச்சியாம். மயக்கம் வந்ததா, ஷாக் அடித்ததா, மாத்திரை மாறியதா? மீட்டர் பார்க்க வந்தவள் மாதிரி கேட்டு எழுதிக்கொள்வாள்.

“உசுரோட இருக்கீங்களான்னு கேக்குறதுக்கு ஒரு உத்தியோகம்!” என்று மனைவி பொருமுவாள்.

அவர் போனை வாங்கினார்.

“சார், நல்லா இருக்கீங்களா?”

“இருக்கேம்மா. என்ன இவ்வளவு சீக்கிரமா?”

அவள் நேராகக் கேள்விக்குப் போனாள். கேள்விகளும் புதுசாக இருந்தன.

“மாடிப்படி ஏறுறீங்களா? நல்லா தூங்குறீங்களா? வீட்ல சிரிச்சுப் பேசுறீங்களா?”

“பேசுறேன். எதுக்கும்மா கேக்குறீங்க? போன வாரம் பெட்டியை டெஸ்ட் பண்ணாங்களே, அதுல ஏதாவது...”

போன் கட்டாகிவிட்டது.

அவர் மனைவி பக்கம் திரும்பினார். “என்னமோ இருக்குடி. சொல்ல வந்துட்டு, சொல்ல வாய் வராம வெச்சுட்டா.”

“கிளம்புங்க. நேர்லயே கேட்டுருவோம்!”

வழி நெடுக அவர் தன் மணிக்கட்டிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. நாடியை எண்ணுவார், விட்டுவிடுவார், மறுபடி முதலிலிருந்து எண்ணுவார்.

கவுன்ட்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். “உங்க ரிப்போர்ட்ல ஒரு குறையும் இல்லையே சார். அந்த ஆராய்ச்சி போன வருஷமே முடிஞ்சுபோச்சு. யாரு போன் பண்ணது?”

“முடிஞ்சுபோச்சா?” மனைவிக்கு முகம் சிவந்தது. “அப்ப எங்களை வெச்சு விளையாடுறாளா? எங்க அவ?”

“ஆராய்ச்சிக்குப் போன் பண்ணிட்டிருந்த சிஸ்டர் இன்னைக்கு லீவு. ஆனா இங்கதான் இருக்காங்க. ரெண்டாவது மாடி.”

மனைவி இரண்டிரண்டு படியாக ஏறினாள். பின்னாலேயே அவரும் கைப்பிடியைப் பிடித்து ஏறினார்.

ஆபரேஷன் அறை வாசலில், யூனிபார்ம் இல்லாமல், போனை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஒருத்தி.

“நீதானா அது? மனுஷனைப் பாதி உசுராக்கிட்டியே, உனக்கு ஈவு இரக்கமே கிடையாதா?”

நர்ஸ் எழுந்தாள். மனைவியைத் தாண்டி, மூச்சு வாங்க ஏறி வந்து நின்றவரை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். எட்டு வருஷத்தில் இப்போதுதான் நேரில் பார்க்கிறாள்.

“தப்புதாங்க்கா, மன்னிச்சிடுங்க. காலையில என் வீட்டுக்காரரை இதே வைத்தியத்துக்கு உள்ள கூட்டிட்டுப் போனாங்க... இது முடிஞ்சு இத்தனை வருஷம் நல்லா இருக்கிற ஒருத்தரோட குரலை ஒரு தடவை கேட்டாதான் என்னால இங்க உக்கார முடியும்போல இருந்துச்சு.”